கொரோனா தடுப்பூசி எல்லோருக்கும் முதலிலிருந்தே இலவசமா?

"மத்திய அரசு ஆரம்பத்திலிருந்தே எல்லோருக்கும் இலவசமா ஊசி கொடுத்துச்சு, நம்ம கடற்கரை சனங்கதான் பயந்து போடலை"ன்னு மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கார். தப்புண்ணே. மருத்துவ, முன்களப் பணியாளர்களுக்கும் 45 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கும்தான் அது பொருந்தும். 2021 மே 1 முதல் ஜூன் 20 வரை, 18–44 வயசுக்காரங்களுக்கான ஊசியை மாநிலங்கள் காசு கொடுத்து வாங்கச் சொன்னாங்க. அதே கோவிஷீல்டு ஊசிதான், ஒரு டோஸ் மத்திய அரசுக்கு 150 ரூபாய், மாநிலத்துக்கு 300. தமிழ்நாட்டில் நாம காசில்லாமல் போட்டுக்கிட்டது மாநில அரசு வாங்கினதால. ஜூன் 21-லதான் டெல்லி அந்தப் பொறுப்பை ஏத்துக்கிட்டது.

ஊசி போட்ட ரெண்டு நாளில் நடிகர் விவேக் மாரடைப்பால் மறைஞ்சதுக்கு அப்புறம் பயம் இருந்தது உண்மை. ஆனா எல்லாரும் பயந்து ஒதுங்கலை. அப்போ மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடந்தது. ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்தில் எங்க அக்கா மகன் மாடியில் ஏறி, சிக்னல் பிடிச்சு, ஊசிக்குப் பதிவு செய்யற அரசுத் தளமான கோவின்ல பதிவு பண்ணுவான். ஓடிபி வர்றதுக்குள்ள இடம் நிரம்பிடும். அந்தத் தளத்தில் அப்போ தமிழே இல்லை, ஜூன்லதான் சேர்த்தாங்க. ஊசி கேட்டுக் காத்திருந்த பிள்ளைகளைப் பயந்தாங்கொள்ளின்னு சொல்றது எனக்கு ஆறவே மாட்டேங்குது. அந்த வரியை மாத்திடுங்கண்ணே.