பாட்டிகள் காலத்தில் பிரசவத்தில் சாவே இல்லையா?

‘நம் பாட்டிகள் வீட்டிலேயே பத்துப் பிள்ளை பெற்றார்கள், ஒரு உயிரும் போகவில்லை, ஆஸ்பத்திரி வந்த பிறகுதான் எல்லாம்’ என்று சேலத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

உங்கள் பாட்டியிடமே கேட்டுப் பாருங்கள். அம்மாப்பேட்டையில் என் அப்பத்தா விரல் மடக்கி எண்ணுவார்: “பெத்தது ஒம்போது, தங்குனது அஞ்சு.” மூத்தவை போனதால் அடுத்ததை ஒரு முறம் தவிட்டுக்கு ‘விற்று’ வாங்கி, பிச்சை என்று பேர் வைத்தார். எமன் கண்ணில் படக்கூடாதாம். பிச்சை, குப்பன், தவிட்டம்மா என்று ஊருக்கு ஊர் இருந்த பேர்களுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தப் பயம்தான்.

1971இல்கூட தமிழ்நாட்டில் பிறந்த 1000 குழந்தைகளில் 113 பேர் ஒரு வயதைத் தாண்டவில்லை. 2020இல் அது 13.

மருத்துவச்சிகள் கைராசிக்காரர்கள்தான், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அரிவாளில் தொப்புள்கொடி அறுத்தால் ரணஜன்னிக் (டெட்டனஸ்) கிருமி உள்ளே போகும். எந்தக் கைராசியும் அதைத் தடுக்காது. கர்ப்பிணிகளுக்குப் போட்ட தடுப்பூசியும் சுத்தமான பிரசவமும்தான் தடுத்தன. 2015இல் இந்தியாவில் பச்சிளம் குழந்தை ரணஜன்னி ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

அப்புறம் உதிரப்போக்கு. பிரசவம் முடிந்து நன்றாகப் பேசிக்கொண்டிருப்பவரைக்கூட இரண்டு மணி நேரத்தில் கொண்டுபோய்விடும். ஏற்காட்டு மலைக் கிராமத்தில் இருப்பவர்கள் தேதிக்கு முன்பே ஆஸ்பத்திரி பக்கம் வந்துவிடுங்கள். வலி எடுத்துவிட்டால் உடனே 108.

சிசேரியன் அதிகமாகிறதே என்றால், அது நியாயமான கேள்வி. மருத்துவரிடம் காரணம் கேளுங்கள். அதற்காக வீட்டிலேயே பெற்றுக்கொள்ளாதீர்கள்.