மின்னுவதெல்லாம் அசல் ஆகிவிடாது

போலி மருந்தைக் கண்டுபிடிப்பது பற்றி நான் படித்த கட்டுரை, மருந்துப் பெட்டியில் புற ஊதா விளக்கைக் காட்டியதும் மறைமுத்திரை (வெறும் கண்ணுக்குத் தெரியாத மையில் அச்சிட்ட குறி) மின்னினால் அந்த மருந்து அசல் என்று முடிவுகட்டிவிடுகிறது. இதை ஏற்க முடியவில்லை. 365 நானோமீட்டர் அலைநீளப் புற ஊதா ஒளியில் மிளிரும் மை இன்று கடையில் விலைக்குக் கிடைக்கிறது; போலி தயாரிப்பவனுக்கும்தான்.

தாளையும் கவனியுங்கள். சாதாரண வெள்ளைத் தாளில் வெண்மையூட்டிகள் கலந்திருப்பதால் அந்த விளக்கின் கீழ் தாள் முழுவதும் நீலமாகப் பளீரிடும், முத்திரை அதில் மங்கிப்போகும். பணத்தாளில் வெண்மையூட்டிகளைச் சேர்ப்பதில்லை. அதனால்தான் இருண்ட பரப்பில் அதில் பதித்த மிளிரும் பாதுகாப்பு இழைகள் தனித்துத் தெரிகின்றன.

980 நானோமீட்டர் அகச்சிவப்புக் கதிரை வாங்கிக்கொண்டு பச்சையாக ஒளிரும் அருமண் (rare earth) தனிமங்களின் சேர்மங்கள் கலந்த மையைப் போலி செய்வது இன்னும் கடினம். ஆனால் சோதிக்கும் கருவி நிறுவனத்தின் ஆய்வகத்திலேயே இருந்தால், மாத்திரையை விழுங்கப்போகும் நோயாளிக்கு என்ன பயன்? மருந்துக் கடைக்காரர் கைக்கு அது வர வேண்டும்.