சர்க்கரை கார்டு

(அமெரிக்கா, நியூ ஜெர்சி, எடிசனில் ஒரு வீட்டு வாசல். 2024 அக்டோபர் 31, வியாழக்கிழமை. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து தீபாவளி ஆயிற்று, சாயங்காலம் பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக இனிப்பு கேட்டு வரும் ஹாலோவீன். இரண்டும் ஒரே நாளில் வந்து மாட்டிக்கொண்ட வருஷம். கோலத்துக்கு இந்தப் பக்கம் அகல்விளக்கு, அந்தப் பக்கம் பல்லிளிக்கும் பூசணி. நடுவே மடக்கு நாற்காலியில் மாமனார் பரமசிவம். மன்னார்குடிப் பக்கம் ரேஷன் கடையில் 31 வருஷம் விற்பனையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மடியில் சாக்லேட் டப்பா, கையில் நோட்டு. மாப்பிள்ளை கார்த்திக் கதவைத் திறந்துகொண்டு வருகிறார்.)

கார்த்திக்: என்ன மாமா, கையில நோட்டு?

பரமசிவம்: விநியோகப் பதிவேடு மாப்பிள்ளை. மூட்டை மேல 150 உருப்படின்னு போட்டிருந்தது. எண்ணினேன், 150 இருந்துச்சு. நம்ப முடியாம மறுபடி எண்ணினேன். என் சர்வீஸ்ல சொன்ன கணக்குக்குச் சரக்கு வந்து இப்பத்தான் பார்க்கறேன்.

கார்த்திக்: இதுக்கெல்லாம் கணக்கு வேண்டாம் மாமா. பிள்ளைங்க வந்து ‘ட்ரிக் ஆர் ட்ரீட்’னு சொல்லுவாங்க. ஒரு கை அள்ளிப் பையில போட்டுட வேண்டியதுதான்.

பரமசிவம்: அள்ளியா? அள்ளிப் போட்டா ஆடிட்டுக்கு யார் பதில் சொல்றது? அது சரி, அந்த மந்திரத்துக்கு என்ன அர்த்தம்?

கார்த்திக்: இனிப்பு கொடு, இல்லேன்னா ஏதாவது வம்பு பண்ணுவோம்னு.

பரமசிவம்: எங்க கடையிலயும் அதேதான். ‘பாமாயில் போடு, இல்லேன்னா தாசில்தார்கிட்ட மனு கொடுப்போம்.’ என்ன, அவங்க முகத்தைக் காட்டிக்கிட்டுச் சொல்லுவாங்க.

கார்த்திக்: நிறையப் பேர் வந்தாங்களா?

பரமசிவம்: (நோட்டைப் புரட்டி) 6:05, சிலந்தி மனுஷன், ஒண்ணு. 6:10, சூனியக்காரி, ஒண்ணு. கோலத்தை மிதிச்சுட்டா, எச்சரிச்சு அனுப்பினேன். 6:15, மறுபடி சிலந்தி மனுஷன். 6:20, திரும்பவும் அதே ஆள். நாலாவது தடவை வந்தப்ப, ‘தம்பி, உன் கார்டுக்கு வாங்கியாச்சு’ன்னு சொல்லிட்டேன்.

கார்த்திக்: ஐயோ, அது நாலு வேற வேற பசங்க மாமா!

பரமசிவம்: பேர் கேட்டா நாலு பேரும் ஒரே பேரைச் சொல்றாங்க. ஊர்ல இதுக்குப் போலி அட்டைன்னு பேரு. சரி, கைரேகை பார்க்கலாம்னா சூனியக்காரி கை முழுக்கப் பச்சைப் பெயிண்ட். கருவிழி பார்க்கலாம்னா கடற்கொள்ளைக்காரன் ஒரு கண்ணை மூடிக்கட்டிக்கிட்டு வந்து நிக்கறான்.

கார்த்திக்: மாமா, இது இனாம்!

பரமசிவம்: பச்சரிசியும் இனாம்தான். அதுக்கு எத்தனை கேள்வி வந்ததுன்னு எனக்குத் தெரியும். இங்க வந்தவங்க அத்தனை பேரும் அரிசி வாங்காத சர்க்கரை கார்டு. பாவம், வெறும் சர்க்கரையா வாங்கிட்டுப் போறாங்களேன்னு உங்க அத்தை சுட்ட அதிரசத்தை நீட்டினேன். கூட வந்த அம்மா பதறிப் போய் ‘நோ தேங்க் யூ’ங்கறாங்க.

கார்த்திக்: வீட்டுல செஞ்சதைத் தெரியாதவங்ககிட்ட வாங்க மாட்டாங்க மாமா. கம்பெனி உறை பிரியாம இருக்கணும்.

பரமசிவம்: சீல் உடையாத மூட்டை. நியாயம்தான். ஆனா எதிர்வீட்டுக்காரர் பூசணிக்கு நீலப்பச்சைப் பெயிண்ட் அடிச்சு வச்சிருக்காரே, அது என்ன, அவங்க கட்சிக் கலரா?

கார்த்திக்: இல்லை. வேர்க்கடலை, பால்னு சில பிள்ளைங்களுக்கு அலர்ஜி இருக்கும். அந்த நிறத்துல பூசணி இருந்தா, சாப்பிடற பொருளுக்குப் பதிலா பென்சில், ஸ்டிக்கர் மாதிரியும் கிடைக்கும்னு அர்த்தம்.

பரமசிவம்: அடடே! விசாரிச்சுத் தெரிஞ்சுக்க வேண்டியதை வெளியிலயே தெரிவிச்சுட்டார். அப்ப கடை திறந்திருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்?

கார்த்திக்: வாசல் லைட் எரிஞ்சா வரலாம். அணைஞ்சிருந்தா அந்த வீட்டுல இல்லைன்னு தாண்டிப் போயிடுவாங்க.

பரமசிவம்: போர்டு எழுதுற வேலை மிச்சம். (எதிரே போகும் ஒரு குடும்பத்துக்குக் கையசைத்து) இப்பப் போறவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, ‘க்ரேட் காஸ்ட்யூம்’னு சொன்னார். விபூதியும் வேட்டியும் இவருக்கு வேஷமாத் தெரியுது. பழைய வேட்டின்னு வேற எனக்குக் கூச்சமாப் போச்சு. ஆமா, காலையில கட்டின கோ-ஆப்டெக்ஸ் வேட்டியை மத்தியானம் தூங்கப் போறப்ப மடிச்சு வச்சேன். காணோம். பார்த்தீங்களா?

கார்த்திக்: (திடுக்கிட்டு) நீங்க கட்டியிருக்கறது... பழசா?

பரமசிவம்: பழசுதான். ஏன்?

கார்த்திக்: இல்ல மாமா, சும்மா... இந்தப் பூசணி கதை உங்களுக்குத் தெரியுமா? முதல்ல அயர்லாந்துல டர்னிப் கிழங்கைத்தான் குடைஞ்சு விளக்கு வச்சாங்க. 19ஆம் நூற்றாண்டுல அங்கேருந்து இங்க குடியேறினவங்க, பூசணி பெருசாவும் குடைய லேசாவும் இருக்குன்னு அதுக்கு மாறிட்டாங்க.

பரமசிவம்: அரிசிக்குப் பதிலா கோதுமை வாங்கிட்டுப் போன மாதிரி. நாம திருஷ்டிப் பூசணிக்கு வெளியில மூஞ்சி வரைவோம், இவங்க உள்ளே வரைக்கும் போயிட்டாங்க. குடைஞ்சதை வீணாக்க வேண்டாம்னு உங்க அத்தை சாம்பார்ல போட்டா. தண்ணியில தண்ணி கரைஞ்ச மாதிரி இருந்தது.

கார்த்திக்: அது குடையறதுக்குன்னே விளைவிக்கிற ரகம் மாமா. சமையலுக்குச் சின்னதா, தித்திப்பா வேற ரகம் இருக்கு.

பரமசிவம்: ரேஷன் ரகம், வெளி மார்க்கெட் ரகம். நான் என்ன கேட்டேன்... ஆங், வேட்டி.

கார்த்திக்: ராத்திரி எல்லாரும் உட்கார்ந்து படம் பார்க்கறோம் மாமா! 1966ல வந்த சார்லி பிரவுன் கார்ட்டூன். அரை மணி நேரம்கூட ஆகாது. அதுல ஒரு பையன், பூசணித் தோட்டத்துல பெரிய பூசணி எழுந்து வந்து பரிசு கொடுக்கும்னு நம்பி ராத்திரி முழுக்கக் காத்திருப்பான்.

பரமசிவம்: லோடு வந்துச்சா?

கார்த்திக்: கடைசி வரைக்கும் வரலை.

பரமசிவம்: எனக்குத் தெரியும். துவரம்பருப்புக்கு நாங்க அப்படி உட்கார்ந்திருக்கோம்.

கார்த்திக்: சார்லி பிரவுன் வீடு வீடாப் போவான். மத்தவங்களுக்கு மிட்டாய் விழும், அவன் பையில மட்டும் ஒவ்வொரு வீட்டுலயும் கல்லைப் போடுவாங்க.

பரமசிவம்: கல்லா! அரிசியில கல் கிடக்கும், ஒத்துக்கறேன். முழுக்கக் கல்லைப் போட்டவன் எந்தக் கடைக்காரன்? அந்தப் பிள்ளை புகார் கொடுக்கலையா?

கார்த்திக்: கொடுக்க மாட்டான் மாமா, பாவம். அவனுக்கு வேஷம்கூட சரியா அமையலை. வெள்ளைத் துணியில கண்ணுக்கு ஓட்டை போடறேன்னு கண்டபடி வெட்டி, பேய் வேஷம் முழுக்க...

(சட்டென்று நிறுத்திக்கொள்கிறார்.)

பரமசிவம்: ஏன் நிறுத்திட்டீங்க? முழுக்க?

கார்த்திக்: ...ஓட்டை.

(படியேறி ஒரு குட்டிப் பேய் வருகிறது. ஏழு வயசு உயரம். பின்னால் நாலு முழம் தரையில் இழுபடுகிறது. உள்ளிருந்து பேத்தி யாழினியின் குரல்: “ட்ரிக் ஆர் ட்ரீட், தாத்தா!”)

பரமசிவம்: (கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு) மாப்பிள்ளை, இந்த ஊர்ப் பேய்க்குக் கரை உண்டா?

கார்த்திக்: மாமா, நான் சொல்றதைக் கொஞ்சம்...

பரமசிவம்: அதுவும் மயில்கண் கரை. மூலையில மஞ்சள் வேற தடவியிருக்கு. சாமிகிட்ட வச்சு எடுத்த பேயா?

கார்த்திக்: அத்தைகிட்ட கேட்டேன் மாமா. ‘பழைய வேட்டியை எடுத்துக்கங்க’ன்னாங்க. நாற்காலியில ஒண்ணுதான் இருந்தது, அதுதான் பழசுன்னு நினைச்சு... மஞ்சளைப் பார்த்தேன், சாம்பார்க் கறைன்னு நினைச்சுட்டேன்.

பரமசிவம்: (பேயின் தலையைப் பிடித்து மெல்லத் திருப்புகிறார்) கண் ரெண்டும் சமமா இல்லையே. இடது பக்கம் ஒரு விரல் இறங்கியிருக்கு. அளந்து வெட்டக் கூடாதா? கொண்டா தாயி பையை. ஒண்ணு. ரெண்டு. மூணு.

கார்த்திக்: ஒரு கார்டுக்கு ஒண்ணுதானே மாமா?

பரமசிவம்: இது பொங்கல் தொகுப்பு. இதுல தலையிடாதீங்க. (எழுதுகிறார்) 7:00. பேய், ஒண்ணு, எட்டு முழம். சேதாரம்: ஓட்டை ரெண்டு. பொறுப்பு: மாப்பிள்ளை. இந்தாங்க, கையெழுத்து.

கார்த்திக்: (போட்டுவிட்டு, தயங்கி) அப்படியே அந்த வேர்க்கடலை சாக்லேட் எனக்கு ஒண்ணு...

(பரமசிவம் டப்பாவை மூடுகிறார். எழுந்து போய் வாசல் லைட்டை அணைக்கிறார்.)

பரமசிவம்: இருப்பு இல்லை.