தினமும் ஓட்டுகிறவள் கேட்கிறேன்

என் கணவரின் நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில் கூடுகிறார்கள். எங்கள் காரின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, நான் போட்டுக் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டு, “இதைத் தாராளமாகத் தினமும் ஓட்டலாம்” என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். பிறகு ஆளுக்கொரு ஆட்டோமேட்டிக் காரில் ஏறி வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். தினமும் ஓட்டுவது யார்? நான்.

வண்டி பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். 1.8 லிட்டர் டர்போ என்ஜின். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது 150 குதிரைத்திறன். அப்படியே விட்டிருந்தால் எனக்கும் அதற்கும் எந்த வழக்கும் இல்லை. செய்தவர்கள் குடும்பம் போய்வர வேண்டும் என்று நினைத்துத்தான் செய்திருக்கிறார்கள். இவர் விட்டால்தானே? டர்போ மாறியது, இன்டர்கூலர் மாறியது, இன்ஜெக்டர் மாறியது, புகைக்குழாய், கிளட்ச், ஸ்பிரிங், முன் இருக்கைகள் எல்லாம் மாறின. மாறாதது நம்பர் பிளேட் மட்டும். இப்போது முந்நூறு குதிரைக்கு மேல் இருக்கிறதாம். அவருக்கு வீட்டிலிருந்தே வேலை. எனக்குத் தரமணியில் அலுவலகம். செம்பாக்கத்தில் கிளம்பி, பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டு, மேடவாக்கம், பள்ளிக்கரணை, வேளச்சேரி என்று ஊர்ந்து போய்ச் சேர வேண்டும்.

அந்த முந்நூறு குதிரைகள் எந்த லாயத்தில் இருக்கின்றன என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். டர்போ செய்கிற வேலை எனக்கு இப்போது மனப்பாடம். வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுகிறது. பெரிய டர்போ போட்டால் அதைச் சுழற்ற அதிகப் புகை வேண்டும். எங்கள் வண்டியில் என்ஜின் நிமிடத்துக்கு 3,500 சுற்றுக்குக் கீழே இருந்தால் அது அசையவே அசையாது. தாம்பரம்–வேளச்சேரி சாலையில் காலை எட்டரை மணிக்கு 3,500 சுற்றைத் தொட யாருக்குக் கொடுத்து வைத்திருக்கிறது? ஷேர் ஆட்டோ என்னை முந்துகிறது. தண்ணீர் லாரி முந்துகிறது. எப்போதாவது இருபதடி இடம் கிடைத்ததே என்று மிதித்தால், முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். அதற்குள் முன்னால் போகிறவர் பிரேக் போட்டிருப்பார்.

கிளட்ச் அதைவிடக் கொடுமை. சாதாரண கிளட்ச் தட்டு கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும். அந்த வழுக்கலை நம்பித்தான் ஊரே நெரிசலில் ஊர்கிறது. இவர் போட்டிருப்பது உலோகமும் பீங்கானும் கலந்த துண்டுகள் பதித்த பந்தயத் தட்டு. ஒன்று, பிடிக்காது, இல்லாவிட்டால் கடித்துவிடும். போதாததற்கு, என்ஜின் சீராகச் சுழல உதவும் கனமான சக்கரமான ஃப்ளைவீலின் எடையையும் குறைத்துவிட்டார்கள், கால் ஒரு நூல் பிசகினாலும் என்ஜின் அணைந்துவிடும். மேடவாக்கம் மேம்பாலத்தின் ஏற்றத்தில் வண்டிகள் நிற்கும்போது என் நிலையைப் பார்க்க வேண்டும். பின்னால் முட்டாத குறையாக ஓர் ஆட்டோ. இடது கையில் ஹேண்ட் பிரேக், இடது தொடை நடுங்குகிறது, சுற்றை ஏற்றிக் காலை மெதுவாக எடுக்கிறேன். வண்டி முழுவதும் உதறி, முன்சக்கரங்கள் கீச்சிட்டு, ஒரு பாய்ச்சல் பாய்ந்து, அணைகிறது. பின்சீட்டில் பிள்ளையின் சாப்பாட்டுப் பை கீழே விழுகிறது. பக்கத்தில் ஸ்கூட்டரில் நிற்கும் பெரியவர் கண்ணாடியைத் தட்டி, “புதிதாக ஓட்டுகிறாயா அம்மா?” என்று பரிவோடு கேட்கிறார். பதினெட்டு வயதில் லைசென்ஸ் எடுத்தவள் நான், ஐயா! அம்பாசடரையே ஓட்டியவள்!

வெயில் காலத்தில் ஏசி பற்றிப் பேசக் கூடாது. அழுத்தப்பட்ட காற்று சூடாகும்; அதைக் குளிர்விக்கத்தான் இன்டர்கூலர். அந்தப் பெரிய அலுமினியப் பலகையை பம்பருக்குப் பின்னால், ரேடியேட்டருக்கும் ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சருக்கும் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். ஓடினால்தான் அதற்குக் காற்று. ஓடாத சாலையில் அது தானும் கொதித்து, பின்னால் இருப்பவற்றையும் வேகவைக்கிறது. வெப்பமானி முள் ஏறுகிறது, நான் ஏசியை அணைக்கிறேன், ஜன்னலை இறக்கினால் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றி எறிந்த புகைக்குழாயின் நாற்றம் உள்ளே வருகிறது. மே மாதத்தில், அலுவலகம் போய்ச் சேரும் முன்பே, தலைமுடியில் பெட்ரோல் வாசனை.

இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-இல் வகுத்த நெறிமுறைப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில், 10 சென்டிமீட்டர் உயரத்தில், மெதுவாக ஏறி இறங்க வேண்டும். எங்கள் தெருவில் இருப்பவை யாரோ இரவோடு இரவாகக் கொட்டிவிட்டுப் போன தார்க் கரைகள். வெள்ளைக் கோடும் கிடையாது. தரையோடு தரையாக இறக்கிய வண்டியில் அவற்றை நேராகக் கடக்க முடியாது. எதிர்ப்பக்கம் வரை ஒடித்துக் குறுக்காக ஒவ்வொரு சக்கரமாக ஏற்ற வேண்டும். தெருவே ஹாரன் அடிக்கும். அப்படியும் அடியில் கரகரவென்று உரசும். அத்தைக்கு முதுகுவலி, மருத்துவரிடம் அழைத்துப் போனால், போன வலி ஒன்று, வந்த வலி இரண்டு. பந்தய இருக்கையின் இரு பக்கமும் தொடை உயரத்துக்கு மேடு. புடவையோடு அதிலிருந்து எழுந்து வருவது எப்படி என்று அந்த ஞாயிற்றுக்கிழமை நிபுணர்களில் ஒருவர் கட்டிக்கொண்டு வந்து செய்து காட்டட்டும். அத்தையை நானும் காவலாளியின் மனைவியும் சேர்ந்து இழுத்து எடுத்தோம். “இதற்கு நான் பஸ்ஸிலேயே வந்திருப்பேன்” என்றார். நியாயம்தானே?

டர்போ டைமர் என்று ஒரு பெட்டி இருக்கிறது. சூடான டர்போவின் பேரிங்குக்கு எண்ணெய் ஓட்டம் சட்டென்று நின்றால் எண்ணெய் கருகிப் படியும் என்பதற்காக, சாவியை எடுத்த பிறகும் என்ஜினைச் சிறிது நேரம் ஓடவிடுகிற பெட்டி. பள்ளி வாசலில் வண்டியைப் பூட்டிவிட்டு, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். காவலாளி ஓடி வருகிறார்: “மேடம், வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது!” தெரியும் என்கிறேன். சாவியைக் கையில் காட்டுகிறேன். அவர் சாவியையும் வண்டியையும் மாறி மாறிப் பார்க்கிறார். மறுநாளும் ஓடி வருகிறார்; பாவம், அவர் கடமை. உள்ளே பிரார்த்தனைக் கூட்டம் நடக்கிறது, வெளியே ஆளில்லாத வண்டி உறுமிக்கொண்டிருக்கிறது. தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டுப் பேசியும் ஆயிற்று. நான் கேட்பது இதுதான்: மூன்றாவது கியரையே பார்க்காமல் ஊர்ந்து வந்த வண்டியில் டர்போ எங்கே பழுத்தது, அதை ஆற வைக்க?

இளைஞர்களை விட்டுவிடுகிறேன். சிக்னலில் பக்கத்தில் வந்து ஆக்சிலரேட்டரை முறுக்குவதும், உள்ளே ஒரு பெண்ணையும் பள்ளிப் பையையும் பார்த்து முகம் தொங்குவதும் அவர்கள் விதி. போலீசை விட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தப்படி மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. மாற்றியவர் வீட்டில் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். பானெட்டைத் திறந்து காட்டி, “அது வந்து சார், சும்மா காற்று வடிகட்டி” என்று நடுத்தெருவில் பொய் சொல்வது நான்.

பெட்ரோலாவது எளிதா? வண்டியின் மென்பொருளை 100 ஆக்டேனுக்கு, அதாவது அழுத்தத்தில் முன்கூட்டியே வெடித்துவிடாத உயர் ரகப் பெட்ரோலுக்கு, எழுதியிருக்கிறார்களாம். இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் கொண்டுவந்த அந்த வகைப் பெட்ரோல் எல்லா பங்கிலும் கிடைக்காது. கிடைத்தாலும் சாதாரணப் பெட்ரோலைவிட லிட்டருக்கு அறுபது ரூபாய்போலக் கூடுதல். லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் கொடுக்கிற வண்டிக்கு! மழைக்காலத்தில் அந்தச் செலவு மிச்சம், ஏனென்றால் வண்டியையே எடுக்க முடியாது. குளிர்ந்த காற்று வேண்டும் என்று காற்று வடிகட்டியை பம்பருக்குக் கீழே இறக்கி வைத்திருக்கிறார்கள். வேளச்சேரியில் முழங்கால் தண்ணீர் நின்றால் போதும். என்ஜின் அதை உறிஞ்சும், தண்ணீரை அழுத்த முடியாமல், பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளையும். ஊரே கார்களை வேளச்சேரி மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தும் நாட்களில், எங்கள் வண்டி அந்த மேம்பாலம் வரைகூடப் போய்ச் சேராது.

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் ஒருமுறை இவர் பக்கத்தில் உட்கார்ந்து சுற்றியிருக்கிறேன். நேர்ப்பாதையில் டர்போ விழித்துக்கொண்டபோது வயிறு முதுகில் ஒட்டியது, சிரித்துவிட்டேன். அங்கே அந்தக் கிளட்சுக்கு, இருக்கைக்கு, ஸ்பிரிங்குக்கு எல்லாம் பொருள் இருந்தது. 3.7 கிலோமீட்டர் தளம், ஒரு வேகத்தடை இல்லை, ஷேர் ஆட்டோ இல்லை, அத்தை இல்லை. அங்கேயே ஒரு கொட்டகை பார்த்து நிறுத்திவிடுங்கள் என்றேன். விற்றாலும் சரி, எனக்கு ஒரு சிறிய ஆட்டோமேட்டிக் கார் போதும் என்றேன். “விற்றால் போட்ட பணம் வராதே” என்கிறார். போட்ட பணம் வராது என்பதற்காக என் இடது முழங்காலையும் சேர்த்துப் போட வேண்டுமா?