பேகலும் ராஜாவின் அங்கவடியும்

பேகல் என்ற வளைய ரொட்டிக்குப் பேர் வந்த கதை மறுபடியும் சுற்ற ஆரம்பித்துவிட்டது. 1683-ல் வியன்னாவை முற்றுகையிட்ட துருக்கிப் படையைப் போலந்து மன்னர் யான் சோபியெஸ்கி விரட்டியடித்தாராம். நன்றிக்கடனாக ஒரு யூத ரொட்டிக்காரர், மன்னர் குதிரையேறக் கால் வைக்கும் அங்கவடியின் வடிவில் ரொட்டி சுட்டுக் கொடுத்தாராம். அங்கவடிக்கு ஜெர்மனில் ப்யூகல். அதுதான் பேகல் ஆனதாம்.

மன்னர் ஜெயித்தது உண்மை. ரொட்டிக் கதை பொய். போலந்தின் கிராக்கோவ் நகர யூத சமூகத்தின் விதிமுறைகளில் 1610-லேயே இந்த ரொட்டியின் பெயர் இருக்கிறது. சோபியெஸ்கி பிறந்ததே 1629-ல்தான்!

பேகல், கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் வீட்டில் பேசிய யித்திஷ் மொழிச் சொல். அவர்கள் வாயில் அது பெய்கல். பழைய ஜெர்மனில் கைவளையைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. அதற்கும் அடியில் இருப்பது வளைத்தல் என்ற பொருள். நமக்கு இதை விளக்கவே வேண்டாம். வளை என்பதிலிருந்துதானே வளையலும் வளையமும் வந்தன? அங்கவடிக்கான சொல்லும் அதே வேரில் முளைத்ததுதான். கதை இவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொண்டது அதனால்தான்.

போன ஞாயிறு வீட்டில் செய்தேன். மாவைக் கயிறு மாதிரி உருட்டி, உள்ளங்கையைச் சுற்றிக்கொண்டு வந்து, இரண்டு முனையும் சேரும் இடத்தைப் பலகையில் வைத்துத் தேய்த்தால் ஒட்டிக்கொள்கிறது. பிறகு வளையல் கழற்றுவது போலவே கையிலிருந்து கழற்ற வேண்டும். கொதிநீரில் போட்டு எடுத்த பிறகுதான் அடுப்பு. மேல்மாவு வெந்நீரில் பசையாகிவிடும். அந்தப் பளபளப்பும், கடித்து இழுக்க வேண்டிய இறுக்கமும் அதனால் வருவதுதான். மாவு கையில் வளையமாக இருந்த அந்த நிமிஷமே பெயர் எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிட்டது.

எனக்குக் கோபம், வருஷம் தப்பு என்பதற்காக மட்டுமில்லை. தெருவில் கூவி விற்ற ஏழைகளின் ரொட்டி அது. அவர்கள் வைத்த பெயரைப் பிடுங்கி, ராஜாவின் காலுக்கடியில் கொண்டுபோய் வைக்கிறது இந்தக் கதை.

1880-களிலிருந்து வறுமைக்கும் வன்முறைக்கும் தப்பி நியூயார்க் போன யூதர்கள் இந்தச் சொல்லையும் கூடவே கொண்டுபோனார்கள். அங்கே பேகல் சுடுபவர்களுக்கென்றே லோக்கல் 338 என்று ஒரு தொழிற்சங்கம் இருந்தது. 1960-களில் எந்திரம் வந்து அந்தக் கைகளை ஓரங்கட்டியது. ஐரோப்பாவிலேயே இருந்துவிட்டவர்கள்? நாஜிகள் கொன்ற சுமார் 60 லட்சம் யூதர்களில் பெரும்பாலோர் யித்திஷ் பேசியவர்கள். கிராக்கோவின் யூதர் பகுதியான கஸிமியெஷில் பழைய கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. அங்கே புழங்கிய பேச்சு அடங்கிவிட்டது.

இந்தக் கதையைப் பகிர்கிறவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். பகிருங்கள், கீழே 1610 என்ற வருஷத்தையும் எழுதுங்கள்.