தடைக்காலத்தில் விற்கும் மீன் எல்லாம் திருட்டு மீன் அல்ல

தடைக்காலத்தில் கடலில் யாருமே மீன்பிடிக்கக் கூடாது, ஆகவே அப்போது சந்தைக்கு வரும் கடல்மீன் முழுவதும் சட்டத்தை மீறிப் பிடித்தது என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலர் அதைப் பகிர்ந்தும் விட்டார்கள். அக்கறையோடு எழுதியிருக்கிறார், ஆனால் தகவல் சரியல்ல.

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் தடை இருக்கிறது. அது விசைப்படகுகளுக்கும் இழுவலைப் படகுகளுக்கும் உரியது. மீன்கள் முட்டையிடும் பருவத்தில் கடலடியை வாரிச் செல்லும் பெரிய வலைகளை நிறுத்திவைப்பதே நோக்கம். துடுப்பும் பாயும் கொண்டு கரையோரத்தில் தொழில் செய்யும் கட்டுமரக்காரர்களுக்கு இந்தத் தடை பொருந்தாது. போதாததற்கு, மேற்குக் கடற்கரையின் தடை ஜூன் 1 அன்றுதான் தொடங்குகிறது. மே மாதத்தில் அங்கிருந்து வரும் மீனும் முறையாகப் பிடித்ததே.

இதைச் சரிபார்ப்பது எளிது. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரலில் மீன்வளத் துறை வெளியிடும் அறிவிப்பு நாளிதழ்களில் வருகிறது; யாருக்குத் தடை என்று அதிலேயே இருக்கும். ஒன்றிய அரசின் ஆணையிலும் இயந்திரம் பொருத்தாத பாரம்பரியப் படகுகளுக்கு விலக்கு உண்டு என்று தெளிவாக எழுதியிருக்கிறது. காசிமேட்டுக்கோ நாகப்பட்டினத்துக்கோ மே மாதத்தில் போனால், விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக்கிடப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

அந்த இரண்டு மாதமும் சிறிய அளவில் பிடித்து வருபவரின் கூடையைத் திருட்டுப் பொருள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பதிவைத் திருத்திவிடுமாறு நண்பரைக் கேட்டுக்கொள்கிறேன்.