குருமடங்கள் எல்லா இடத்திலும் காலியாகவில்லை
"இனி எந்த இளைஞனும் குருவாக வரமாட்டான், உலகம் முழுக்கக் குருமடங்கள் காலி, வேலை கிடைக்காதவன்தான் போகிறான்" என்று, கத்தோலிக்கக் குருக்களைப் பயிற்றுவிக்கும் குருமடங்களைப் பற்றி ஒரு சகோதரர் எழுதியிருக்கிறார். அது சரியில்லை. வத்திக்கானின் 2022 கணக்குப்படி உலகில் குருக்கள் சுமார் 4,07,000 பேர். ஐரோப்பாவில் ஒரே ஆண்டில் 2,000-க்கு மேல் குறைந்தார்கள்; ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் தலா 1,000-க்கு மேல் கூடினார்கள். குருமாணவர் எண்ணிக்கை மொத்தத்தில் இறங்குவது உண்மைதான், ஆனால் ஆப்பிரிக்காவில் அதுவும் ஏறுகிறது. நைஜீரியாவின் எனுகுவில் உள்ள பிகார்ட் குருமடத்தில் இன்றும் நூற்றுக்கணக்கானோர் படிக்கிறார்கள்.

வேலை பற்றிச் சொன்னதுதான் எனக்கு வலித்தது. ஆயத்தக் காலம், மெய்யியல், இறையியல் என்று குறைந்தது 7 ஆண்டு. பெரும்பாலும் அதற்கும் மேல். பிழைப்புக்காக யார் இவ்வளவு காலம் காத்திருப்பார்?

போன மாதம் எங்கள் மறைமாவட்டத்தில் ஓர் இளைஞருக்குக் குருப்பட்டம் கொடுக்கும் விழாவுக்குப் போயிருந்தேன். புனிதர்களின் மன்றாட்டுமாலை முடியும்வரை அந்தத் தம்பி பீடத்தின் முன் குப்புறக் கிடந்தார், அசையவே இல்லை. திருப்பலி முடிந்ததும், தைலம் பூசிய கைகளை அவருடைய அம்மா பிடித்து முத்தமிட்டார். வெகுநேரம் விடவில்லை. அந்தத் தம்பியைப் போன்றவர்கள் மேல் எனக்கு நிறைய நம்பிக்கை இருக்கிறது.